இரண்டு வாரத் தவணை



கல்லூரிப் படிப்பை முடித்து வெளிவரும் இளைஞருள் சிலர் இந்நாளில் வேலை தேடிப் புறப்படுவதில்லை. நால்வர் ஐவராகக் கூடித் தாமே ஒரு தொழிலைத் தொடங்கிவிடுகின்றனர். ஸ்டார்ட்அப் என்னும் சொல் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் பழகிப் போயிற்று. அவ்வாறு தொடங்குவோர் முதல் மாதத்திலேயே கேள்விப்படும் மற்றொரு சொல் அஜைல் என்பது. 'நாங்கள் அஜைல் முறையில் வேலை செய்கிறோம்' என்று கூறாத மென்பொருள் நிறுவனம் இன்று அரிது. கூறுவோரில் எத்தனை பேர் அதன் பொருளை அறிந்து கூறுகின்றனர் என்பது வேறு கேள்வி. அம்முறை யாது, எவ்வாறு பிறந்தது, ஐந்து பேர் கொண்ட ஒரு சிறு குழு அதனை எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பவற்றை இன்று விளக்க முற்படுகின்றேன்.

அஜைல் என்பதைச் சிலர் 'விரைவு' என்று தமிழ்ப்படுத்துகின்றனர். அது பொருந்தாது. விரைவாக ஓடுவது குதிரைக்கும் உரியது. துரத்தும் விலங்கைக் கண்டு, ஓடுகின்ற ஓட்டத்திலேயே சட்டென்று பக்கவாட்டில் திரும்பித் தப்புகிறதே மான், அந்தத் திறனே இச்சொல்லின் கருத்து. ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே, போகும் வழி தவறு என்று தெரிந்தால், பெருஞ்சேதமின்றித் திரும்பிக்கொள்ளும் ஆற்றல் என்று கொள்க. அவ்வாற்றல் தானே வருவதன்று. வேலையைப் பகுத்துக்கொள்ளும் முறையிலேயே அதனை முன்கூட்டி அமைத்து வைக்க வேண்டும்.

இதற்கு முந்திய முறை எது? முதலில் தேவைகள் அனைத்தையும் கேட்டு எழுதுவது, பிறகு அமைப்பை வரைவது, பிறகு கணினிக்குரிய நிரல்களை எழுதுவது, பிறகு சோதிப்பது, எல்லாம் முடிந்தபின் உரியவர் கையில் கொடுப்பது. ஒரு படி முடிந்த பின்னரே அடுத்த படி. நீர் மேலிருந்து கீழே விழுவதுபோல் இருப்பதால் இதனை அருவி முறை என்றனர். பெயர் பொருத்தமானதுதான். விழுந்த நீர் மீண்டும் மேலேறுவதில்லை அன்றோ?

இம்முறையின் தந்தை என்று வின்ஸ்டன் ராய்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளரைப் பலர் குறிப்பிடுகின்றனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1970ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில் அந்தப் படிக்கட்டுப் படம் இருப்பது உண்மையே. ஆனால், அருவி என்னும் பெயரை அவர் அதற்கு இடவில்லை. அன்றியும், படத்தை வரைந்த கையோடு, இவ்வாறே செய்வது ஆபத்தை விளைக்கும் என்றும் அவர் எச்சரித்திருந்தார். சோதனை கடைசியில் வருவதால், பிழை தெரியும்போது தொடக்கத்திற்கே திரும்ப நேரிடும் என்பது அவர் கருத்து. புதிய வகை வேலையாயின், முதலில் சிறிய அளவில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் பின்னர் முழுமையாகச் செய்க என்றும் அவர் கூறினார். படத்தைப் பார்த்தவர் பலர். பக்கத்தைத் திருப்பியவர் சிலர். படம் பார்த்துப் பாடத்தை முடித்துவிடும் வழக்கம் மாணவர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

கடைசியில் தெரியும் பிழை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. என்னும் புலனாய்வுத் துறையின் அனுபவம் நல்ல சான்று. வழக்குக் கட்டுகளைத் தாளிலிருந்து கணினிக்கு மாற்ற விரும்பிய அத்துறை 2001ஆம் ஆண்டில் ஒரு மென்பொருளைச் செய்விக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பிறகு, 2005ஆம் ஆண்டில், இது பயன்படாது என்று கைவிட்டது. அடுத்த ஆண்டே சென்டினல் என்னும் பெயரில் மற்றொரு முயற்சி தொடங்கியது. நான்கு கட்டங்களாக, 2009ஆம் ஆண்டின் இறுதியில் அது முடிய வேண்டும். 2010 ஆகஸ்டில் கணக்குப் பார்த்தபோது, ஒதுக்கிய 45 கோடியே 10 லட்சம் டாலரில் 40 கோடியே 50 லட்சம் தீர்ந்திருந்தது; நான்கு கட்டங்களில் இரண்டே முடிந்திருந்தன. அப்போது அத்துறை துணிந்து ஒரு முடிவு செய்தது. ஒப்பந்தக்காரரிடமிருந்து பொறுப்பைத் தானே வாங்கிக்கொண்டு அஜைல் முறைக்கு மாறியது. ஒப்பந்த ஊழியர் ஏறத்தாழ 220 பேரை 40 ஆகவும், தன் ஆட்கள் 30 பேரை 12 ஆகவும் குறைக்கத் திட்டமிட்டது. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, அதுவரை செய்து முடித்த பகுதியை இயக்கிக் காட்டியாக வேண்டும் என்றும் விதித்துக்கொண்டது. 2012 ஜூலையில் சென்டினல் துறை முழுவதும் புழக்கத்திற்கு வந்தது.

இதனை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்வர். முழுமையும் அறிதல் நன்று. புதிய முறைக்கு மாறியபோது குறித்த கெடு 2011 செப்டம்பர், அது தவறியது. 2011ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் பலரை ஒரே வேளையில் பயன்படுத்தச் செய்து ஒத்திகை பார்த்தனர். மென்பொருள் இருமுறை நின்றுவிட்டது. பழைய இயந்திரங்களின் கொள்ளளவு போதவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஆகவே, அஜைல் முறை தாமதத்தை ஒழித்துவிடும் என்று எண்ணற்க. குறை, திருத்துவதற்கு வழி இருக்கும்போதே தெரிந்தது. அம்முறையின் பயன் அவ்வளவே. பணத்தையும் ஆண்டுகளையும் கணக்கிட்டால் அது சிறிதன்று.

இம்முறையை ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. 1986ஆம் ஆண்டில் டாக்கெயூச்சி, நோனாக்கா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர், ஹோண்டா, கேனன் முதலிய நிறுவனங்கள் புதுப் பொருள்களை உருவாக்கிய விதத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினர். தொடரோட்டத்தில் ஒருவர் ஓடி முடித்த பின்னரே கோல் அடுத்தவர் கைக்குச் செல்கிறது. ரக்பி ஆட்டத்திலோ குழு முழுவதும் ஒன்றாக முன்னேறுகிறது. பந்து அவர்களுக்குள் கைமாறிக்கொண்டே போகிறது. நல்ல நிறுவனங்கள் இரண்டாவது வகையில் உழைக்கின்றன என்றனர். அவ்வாட்டத்தில் வீரர்கள் தோளோடு தோள் பின்னி நிற்கும் நிலைக்கு ஸ்க்ரம் என்று பெயர். 1993ஆம் ஆண்டில் ஜெஃப் சதர்லண்ட் என்பவர் ஈஸல் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் தம் குழுவின் பணிமுறைக்கு அப்பெயரையே இட்டார். 1995ஆம் ஆண்டில் அவரும் கென் ஷ்வேபரும் சேர்ந்து அதனை அறிஞர் அவையில் விளக்கினர். பின்னர், 2001 பிப்ரவரியில், யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் என்னும் பனிமலை விடுதியில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடினர். தனித்தனியே பல முறைகளைக் கண்டிருந்த அவர்கள், எல்லாவற்றுக்கும் பொதுவான கருத்துகளை ஓர் அறிக்கையாக எழுதி அஜைல் என்று பெயரிட்டனர். திட்டமும் ஏடும் ஒப்பந்தமும் வேண்டா என்று அவர்கள் கூறவில்லை. அவற்றைவிட மனிதரோடு பேசுவதும், இயங்கும் பொருளைக் காட்டுவதும், மாறுதலுக்கு இடங்கொடுப்பதும் மேலானவை என்றே கூறினர். திட்டமின்றி வேலை செய்வதற்கு அஜைல் என்று பெயர் சூட்டிக்கொள்வோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இனி, நம் ஐவரிடம் வருவோம். பள்ளி வண்டி எங்கே வருகிறது என்று பெற்றோருக்குத் தெரிவிக்கும் ஒரு கைப்பேசிச் செயலியைச் செய்ய ஐந்து இளைஞர்கள் முனைகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களிடம் ஒன்பது மாதத்திற்குப் போதுமான பணம் இருக்கிறது. அது தீர்ந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அருவி முறையில் சென்றால், எட்டு மாதம் அறைக்குள் உழைத்து, ஒன்பதாம் மாதம் செயலியைப் பெற்றோரிடம் காட்டுவர். பிடிக்கவில்லை என்றால் திருத்தப் பணமும் இல்லை, நாளும் இல்லை. ஒன்பது மாதம் என்பது ஏறத்தாழ 39 வாரம். இரண்டு வாரத்தை ஒரு தவணையாகக் கொண்டால் 19 தவணைகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு தவணையின் முடிவிலும் ஏதேனும் ஒன்றை இயக்கிக் காட்டிக் கருத்துக் கேட்டால், 19 முறை கற்றுக்கொள்ளலாம். 19 முறை திரும்பலாம். அருவி முறையிலோ ஒரே முறை. அஜைல் முறையை ஒரு சிறு குழு ஏன் மேற்கொள்ள வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கைவிடச் சிறந்த காரணத்தை நான் அறியேன்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று, பாடத்தின் நடுவே வினாக் கேட்க வேண்டும் என்பது. ஆண்டிறுதித் தேர்வில் ஒரு மாணவன் பின்னம் அறியான் என்று தெரிந்து ஆவதென்ன? அவன் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவான், அல்லது அங்கேயே நின்றுவிடுவான். அரை மணி நேரத்திற்குள் தெரிந்தால் கரும்பலகையை அழித்துவிட்டு வேறு விதமாகச் சொல்லலாம். தவணைமுறையின் தத்துவமும் இதுவே.

முதல் தவணையில் ஐவரும் என்ன செய்யலாம்? வண்டி நகர்வதை வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பதே அவர்களின் ஆசை. அழகான ஆசைதான். ஆனால் அதனை இரண்டு வாரத்தில் முடிக்க இயலாது. ஆகவே, அந்த ஆசைக்குள் மறைந்திருக்கும் மிகச் சிறிய பயனைத் தேட வேண்டும். வண்டி ஒரு குறிப்பிட்ட நிறுத்தத்தைத் தாண்டியதும் அடுத்த நிறுத்தத்தில் காத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். ஒரே வண்டி, ஒரே தெரு, பத்துப் பெற்றோர் போதும். இரண்டு வாரத்தின் முடிவில் இதனை உண்மையான வண்டியில் வைத்துப் பார்க்கின்றனர். ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்று அமைத்திருந்தனர். வண்டி ஓட்டுபவர் கைப்பேசியைத் தொடுவது ஆபத்து என்பது அப்போதுதான் உறைக்கிறது. அந்தப் பொத்தான் அன்றே போயிற்று. பெற்றோரோ, 'வண்டி எங்கே இருக்கிறது என்பது இருக்கட்டும். இன்று வருமா, வராதா என்று காலையிலேயே சொல்லுவீர்களா?' என்று கேட்கின்றனர். வரைபடத்தை ஒருவரும் கேட்கவில்லை! எட்டு மாத உழைப்பு எத்திசையில் வீணாகியிருக்கும் என்பது இரண்டு வாரத்தில் விளங்கிவிட்டது.

இதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. சுவரில் மூன்று பத்திகள்: செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை. ஒவ்வொரு வேலையும் ஒரு துண்டுத் தாளில் எழுதப்பட்டுப் பத்தி விட்டுப் பத்தி நகரும். டொயோட்டா தொழிற்சாலையில் டாயிச்சி ஓனோ என்பவர் கையாண்ட கன்பன் அட்டைகளின் வழிவந்தது இது. நடுப் பத்தியில் ஒரு வரம்பு இருத்தல் வேண்டும்; ஐந்து பேர் உள்ள குழுவில் மூன்று நான்கு தாள்களுக்கு மேல் அங்கே ஒட்டக்கூடாது. பத்து வேலைகளைத் தொட்டு ஒன்றையும் முடிக்காமல் இருப்பது இளைஞரின் இயற்கை. முடிந்தது என்பதற்கும் பொருள் வரையறுத்துக்கொள்ள வேண்டும். 'நிரல் எழுதியாயிற்று, சோதிக்கத்தான் வேண்டும்' என்பது முடிந்தது ஆகாது. பெற்றோரின் கைப்பேசியில் செய்தி வந்து சேர்ந்தால்தான் தாள் மூன்றாம் பத்திக்குப் போகலாம்.

நாள்தோறும் கால் மணி நேரம் ஐவரும் சுவரின் முன் கூடுவர். நேற்று நடந்தது என்ன, இன்று செய்யப்போவது என்ன, தடை ஏதும் உண்டா என்று பேசுவர். நின்றுகொண்டே பேசுவது வழக்கம். கால் வலித்தால் பேச்சுக் குறையும் என்பதே காரணம். தவணையின் முடிவில், பொருளைக் காட்டிய பிறகு, தாங்கள் வேலை செய்த விதத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்த்து, அடுத்த தவணையில் மாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்றைத் தேர்ந்தெடுப்பர். சடங்குகள் இவ்வளவே. ஸ்க்ரம் மாஸ்டர் என்று தனியே ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது ஐந்து பேருக்கு மிகை என்பது என் கருத்து. ஐவரில் ஒருவர் அப்பொறுப்பை ஏற்கலாம்.

கருவிகள் எளியவை, கடினமானது வேறொன்று. எந்த வேலை முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்பவர் ஒருவர் இருப்பார். சிறு நிறுவனத்தில் அவர் பெரும்பாலும் முதலிட்டவராக இருப்பார். அந்த உரிமை அவருடையது. ஆனால், ஒரு தவணையில் எவ்வளவு வேலை முடியும் என்று கூறும் உரிமை வேலை செய்வோருக்கே உண்டு. இவ்விரு உரிமைகளையும் ஒருவரே எடுத்துக்கொண்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் நாடகமாகிவிடும். நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் மூத்தவரிடம் 'இயலாது' என்று கூறப் பழக்கியவர் யார்? எத்தனையோ ஆசிரியர் கூட்டங்களில் 'ஆகட்டும் ஐயா' என்னும் விடையை நான் கேட்டிருக்கிறேன். ஆகாது என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். காலைக் கூட்டத்தில் ஒருவர், 'இன்னும் முடியவில்லை; ஓட்டுநரிடம் காட்டியபோது தவறு கண்டோம்' என்று கூறும்போது, முதலிட்டவர் முகம் சுளித்தால் போதும்; மறுநாள் முதல் எல்லா வேலையும் முக்கால்வாசி முடிந்துகொண்டே இருக்கும். சுவரில் தாள்கள் நகரும், உண்மை நகராது. குழுவில் வயதில் இளையவர் முதலில் பேசட்டும் என்று நான் பரிந்துரைப்பேன். மூத்தவர் பேசிய பின்னர் இளையவர் கருத்து அவர் கருத்தாகவே வெளிவரும்.

வேலை பின்தங்கும்போது ஆட்களைச் சேர்க்கத் தோன்றும். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஒரு பெரும் மென்பொருட் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், பிந்திவிட்ட மென்பொருட் பணியில் ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று 1975ஆம் ஆண்டிலேயே எழுதினார். கணக்கு மாணவர் இதனை எளிதில் உணர்வர். ஐந்து பேருக்கிடையே இருவர் இருவராகப் பேசும் வழிகள் 10. பத்துப் பேருக்கிடையே அவை 45. ஆள் இரு மடங்கானால் பேச்சு நான்கரை மடங்காகிறது.

மற்றொரு தொல்லையும் உண்டு. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்னும் அவசரத்தில் நிரலை ஒட்டுப் போட்டு எழுதிவிட்டு, பின்னர்ச் சரிசெய்வோம் என்று விடுவர். ஸ்னோபேர்ட் கூட்டத்தினருள் ஒருவராகிய வார்டு கன்னிங்ஹாம் இதனை 1992ஆம் ஆண்டிலேயே கடனுக்கு ஒப்பிட்டார். கடன் வாங்குவது சில வேளைகளில் தகும். அடைக்காவிட்டால் வட்டி ஏறும். பழைய ஒட்டுகளைச் சுற்றிக்கொண்டு போவதிலேயே ஒவ்வொரு தவணையும் கழிவதுதான் அந்த வட்டி. ஆகவே, ஒவ்வொரு தவணையிலும் கடன் தீர்க்கும் வேலைக்கு ஒரு தாளாவது சுவரில் இருத்தல் நலம்.

எல்லாப் பணிக்கும் இம்முறை ஏற்றதன்று. அணையைப் பாதி கட்டி நீரைத் தேக்கிக் காட்ட முடியாது. தேவை முற்றும் தெளிவாகவும், மாற்றுவதற்குரிய செலவு மிகுதியாகவும் உள்ள இடங்களில் முன்திட்டமே துணை. யாருக்கு என்ன வேண்டும் என்பது தொடக்கத்தில் ஒருவருக்கும் தெரியாத இடத்தில்தான் அஜைல் சிறக்கும். புதுத் தொழில்கள் பெரும்பாலும் அத்தகையவை. டைனி ஸ்பெக் என்னும் ஒரு சிறு நிறுவனம் கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை 2011 செப்டம்பரில் வெளியிட்டது. போதிய ஆட்டக்காரர் வரவில்லை. 2012 டிசம்பரில் அதனை மூடிவிட்டனர். ஆனால், வெவ்வேறு ஊர்களில் இருந்த தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள அவர்கள் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகச் செய்து வைத்திருந்த கருவி ஒன்று இருந்தது. அதனை விற்கலாம் என்று கண்டனர். பெரும் விளம்பரத்தோடு உடனே வெளியிட்டுவிடவில்லை. தெரிந்த சில நிறுவனங்களைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார்கள். ஐந்தாறு பேருக்கு வசதியாக இருந்தது பெரிய குழுவுக்குச் சரிப்படவில்லை என்று தெரிந்தது, மாற்றினார்கள், இன்னும் சற்றுப் பெரிய குழுவிடம் கொடுத்து மீண்டும் மாற்றினார்கள். 2014 பிப்ரவரியில் ஸ்லாக் என்னும் பெயரில் அது எல்லோருக்கும் திறக்கப்பட்டது. இன்று உலகெங்கும் அலுவலகங்களில் அது புழங்குகிறது.

நம் ஐவரும் எங்கே தொடங்குவது? இத்தகைய வேலைச் சுவரைக் கணினியிலேயே அமைத்துத் தரும் ஜிரா, ட்ரெல்லோ போன்ற மென்பொருள்கள் உள்ளன. அவற்றைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாரத்தைக் கழிக்க வேண்டா. தாளும் பசையும் போதும். தாளில் 'தரவுத்தளம் அமைத்தல்' என்று எழுதாமல், 'மழை நாளில் வண்டி வராது என்பதை ஆறு மணிக்கே அம்மாவுக்குத் தெரிவித்தல்' என்று எழுதுக. முதல் தவணையில் எவ்வளவு முடியும் என்னும் மதிப்பீடு பெரும்பாலும் பாதிக்குப் பாதி தவறாகவே இருக்கும். மூன்றாம் நான்காம் தவணையில்தான் குழு தன் நடையை அறியும். அதுவரை வெளியாருக்கு நாள் குறித்து வாக்குக் கொடாதிருத்தல் நன்று. முதல் தவணை முடியும் நாளையும், அன்று அந்தப் பள்ளி வண்டியின் ஓட்டுநர் எந்த மணிக்கு ஓய்வாக இருப்பார் என்பதையும் இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.